நொச்சித்தாங்கல் கட்டுரையின் கடைசி வரி

நீலவானம் அடுக்ககம், வெள்ளானூர்
8 செப்டம்பர் 2024

தேவிக்கு,

முதல் கடிதம். சிரிக்காதே. நூலக மாடியில் நமக்குப் பயிற்சி கொடுத்தவர் சொன்னாரே, "வாட்சப்புல எழுதி எழுதிக் கை கெட்டுப்போச்சு, ரெண்டு ரெண்டு பேரா ஒழுங்கான தமிழ்ல மின்னஞ்சல் எழுதிப் பழகுங்க, அப்புறம் இணையக் கலைக்களஞ்சியத்துல கை வைக்கலாம்" என்று. நமக்கு நடுவில் இருப்பது நொச்சித்தாங்கல் என்ற சின்ன ஏரிதான். என் பால்கனியில் நின்று கத்தினால் அக்கரையில் மேட்டுத் தெருவில் இருக்கிற உன் அம்மாவுக்குக் கேட்கும். ஆனாலும் கடிதம்தான். வாத்தியார் பேச்சைத் தட்டக் கூடாது.

செய்தி என்னவென்றால், நேற்று சதுர்த்தியும் அதுவுமாக நொச்சித்தாங்கல் கட்டுரையை மணல்தொட்டியிலிருந்து எடுத்துப் பொதுவில் ஏற்றிவிட்டேன். மணல்தொட்டி பயிற்சிக்குத்தான், அதில் நாம் என்ன கிறுக்கினாலும் கேட்பாரில்லை. வெளியே வந்ததும் உலகமே பார்க்கும். உன் அம்மா அனுப்பிய கொழுக்கட்டையைச் சாப்பிட்டுக்கொண்டே "பதிப்பிடு" பொத்தானை அழுத்தினேன்.

ஊர்க் கட்டுரைப் போட்டிக்கு வேண்டிய அளவில் ஒரே ஒரு வரி குறைந்தது. அந்த அளவுகாட்டி இருக்கிறதே, அது சிவப்பிலிருந்து பச்சையாகும்வரை விடாது. நீ என்னைக் கரை முழுக்கச் சுற்றிக் காட்டியதையெல்லாம் எழுதியாயிற்று. கடைசியாக ஒரு வரி சேர்த்தேன், பச்சையாகிவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஜெபா என்ற பயனர் வந்து அந்தக் கடைசி வரிமேல் "சான்று தேவை" என்று ஒட்டிவிட்டுப் போனார். பரீட்சைத் தாளில் சிவப்பு மை பார்த்த மாதிரி இருக்கிறது. தூங்கும்போதுகூட ஞாபகம் வருகிறது. சான்றுக்கு எங்கே போவேன்? பார்க்கலாம்.

நீயும் உன் கட்டுரையை ஏற்று. அரியலூரிலிருந்து வந்து இந்த ஊரில் எனக்கென்று யாருமில்லாமல் இருந்தேன். நீ அக்கா என்று கூப்பிடுகிறாய், கூடவே இதையும் கற்றுக்கொள்கிறாய். அம்மாவின் எவர்சில்வர் டப்பா என்னிடம் இருக்கிறது. காலியாகத் தர மாட்டேன்.

கனி


மேட்டுத் தெரு
6 அக்டோபர் 2024

கனிமொழி அவர்களுக்கு,

இது பயிற்சிக் கடிதம் இல்லை. தொலைபேசியில் பேசினால் வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவேன். அதனால்தான் உங்களை அதில் தடுத்து வைத்திருக்கிறேன். எழுதும்போதாவது கொஞ்சம் நிதானம் வரும் என்று பார்க்கிறேன்.

நேற்று நாளிதழின் புறநகர்ப் பக்கத்தைப் ஆனந்தன் பெரியப்பா ஒரு டீக்கடையிலிருந்து கையோடு எடுத்துக்கொண்டு வந்தார். "மழைக்கு முன் மீட்கப்படுமா நீர்நிலைகள்?" என்று பெரிய தலைப்பு. அதில் நம் தாங்கலும் இருக்கிறது. "தாங்கலின் தென்கரைப் பகுதி ஆக்கிரமிக்கப்பட்டு மேட்டுத் தெரு என்ற குடியிருப்பாக மாறியுள்ளது." அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். "இன்னாடி இது, நம்ம ஊட்டப் போயி ஏரின்னு போட்டுகீறானுங்க? எவன் வந்து பாத்தான்?" என்று கேட்டாள். எனக்கு அந்த வாக்கியத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம். கட்டுரையைத் திறந்து "வரலாறு" என்பதை அழுத்தினேன். நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதானே, யார் எந்த வரியை எப்போது சேர்த்தார்கள் என்று பார்ப்பது. செப்டம்பர் ஏழு. உங்கள் பயனர் பெயர்.

அந்தக் கடைசி வரி இதுதானா?

மேட்டுத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் தெரியுமா? எந்த மழைக்கும் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் அது. தாத்தா காலத்துப் பட்டா. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்டிருக்கலாம். உங்களைக் கையைப் பிடித்துக் கரையில் கூட்டிக்கொண்டு போனவள் நான். தாங்கல் நிரம்பி வழிகிற தண்ணீர் எந்தக் கால்வாயில் போகும் என்று காட்டினேன். அந்தக் கால்வாய்மேல்தான் உங்கள் அடுக்ககம் நிற்கிறது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் மனம் நோகுமே என்று அதை மட்டும் சொல்லாமல் விட்டேன். நீங்கள் எங்கள் தெருவையே ஏரியில் போட்டுவிட்டீர்கள்.

நான் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ரத்தம் எடுக்கிறவள். குழாயில் பெயர் மாற்றி ஒட்டினால் ஒருவருக்கு இல்லாத வியாதி வந்துவிடும். ஒட்டும் முன் ஆளைப் பார்த்துப் பெயரைக் கேட்பேன். நீங்கள் அதுகூடச் செய்யவில்லை.

உடனே எடுங்கள்.

தேவிப்பிரியா


நீலவானம் அடுக்ககம்
9 அக்டோபர் 2024

தேவி,

"அவர்களுக்கு" என்பதைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டேன். மறுபடி திறக்க ஒரு நாள் ஆனது.

ஆமாம், அந்த வரிதான். எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் வரும்போதெல்லாம் நலச்சங்கச் செயலாளர் சுப்பராயன் சார் மொட்டை மாடியில் நின்று உங்கள் தெருவைக் காட்டி அப்படித்தான் சொல்வார். காதில் விழுந்துகொண்டே இருந்தது, கை எழுதிவிட்டது. ஒரு வரி குறைந்தது என்பதற்காக எழுதினேன் தேவி. வேறு ஒரு காரணமும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

உன் கடிதத்தைப் படித்து முடித்தவுடனேயே வரியை அழித்தேன். சிறிது நேரத்தில் அது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த முறை "சான்று தேவை" ஒட்டுகூட இல்லை. யாரோ ஒருவர் அந்த நாளிதழ்ச் செய்தியையே சான்றாக இணைத்துவிட்டு, "சான்றுள்ள தகவலை நீக்க வேண்டாம்" என்று எனக்குக் குறிப்பும் எழுதியிருக்கிறார். மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது.

நான் எழுதியதை அவர்கள் அச்சடித்தார்கள், அவர்கள் அச்சடித்ததால் நான் எழுதியது உண்மையாகிவிட்டது. இப்போது நான் போய் "அது தப்பு, எனக்குத் தெரியும்" என்றால், "உங்களுக்குத் தெரியும் என்பது சான்று ஆகாது" என்கிறார்கள். பயிற்சியில் முதல் நாளே சொன்ன விதி. அன்றைக்கு நாம் தலையாட்டினோம்.

கொஞ்சம் பொறு. வழி தேடுகிறேன். நீ கோபத்தில் அங்கே எதையும் எழுதிவிடாதே, உன் பெயர் கெடும். அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கனி


மேட்டுத் தெரு
3 நவம்பர் 2024

கனிமொழி அவர்களுக்கு,

பொறுத்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அளக்கிறவர்கள் வந்தார்கள். சங்கிலி பிடித்து, தெருவின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்புச் சாயத்தில் ஒரு குறி போட்டார்கள். "இது சும்மா அளவுக்குத்தான்மா, முடிவு அப்புறம் வரும்" என்றார் ஒருவர். சும்மா எதற்கு எங்கள் சுவரில் சாயம்? அம்மா தீபாவளிக்குப் பலகாரம் சுடவில்லை. அந்தக் குறிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால், "நான் உள்ள போய்க்கினா அவனுங்க வந்து இடிச்சிடுவானுங்க, நீ துன்னு" என்கிறாள். ஜேசிபி சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்து நிற்கிறாள். ஆவடிப் பக்கம் எப்போதும் எங்கேயாவது ஜேசிபி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் சொன்னதைக் கேட்காமல் நானே அந்த வரியை அழித்தேன். திரும்பத் திரும்ப அழித்தேன். கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில், இடிக்கப்போவது உங்கள் அப்பன் வீட்டையா என்று கேட்டேன். தொகுத்தல் போர் நடத்தினேனாம், பண்பில்லாமல் பேசினேனாம். என் கணக்குக்கு ஒரு மாதம் தடை. என் வீட்டைப் பற்றிப் பொய் சொல்கிற பக்கத்தில் எல்லோரும் எழுதலாம், நான் மட்டும் எழுதக் கூடாது.

அளக்க வந்தவர் கையில் ஒரு மனு இருந்தது. நீலவானம் அடுக்ககத்தின் நலச்சங்கம் கொடுத்தது. "தென்கரை ஆக்கிரமிப்பால் எங்கள் வளாகத்தில் வெள்ளம்" என்று எழுதி, உங்கள் கட்டுரையை அச்செடுத்துப் பின்னால் கோத்திருக்கிறார்கள். அந்த வரிக்கடியில் கோடு. கையெழுத்துகளில் உங்கள் கணவர் நிர்மலின் பெயரும் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்துதான் போட்டாரா? இது ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

தேவிப்பிரியா


நீலவானம் அடுக்ககம்
10 நவம்பர் 2024

தேவி,

எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டிருந்தால் தடுத்திருப்பேனா என்றும் தெரியவில்லை. போன வருஷம் கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர். குழந்தை கிருஷ்ணப்பிரியாவைத் தோளில் வைத்துக்கொண்டுதான் நிர்மல் வெளியே போனார். யாராவது ஏதாவது செய்தால் போதும் என்று இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் பின்னால் கோத்திருந்தது என் எழுத்து என்று அவருக்குத் தெரியாது. நேற்றுதான் சொன்னேன்.

ஜெபாவுக்கு எழுதினேன். முதன்முதலில் என் வரிமேல் ஒட்டுப் போட்ட அதே ஜெபா. அன்றைக்கு அந்த ஆளைப் பார்த்து எவ்வளவு எரிச்சல் பட்டேன்! என்னை நிறுத்தப் பார்த்தது அவர் ஒருவர்தான். நிதானமாகப் பதில் எழுதினார். என் வரி செப்டம்பர் ஏழில் ஏறியது, நாளிதழ் வந்தது அக்டோபர் ஐந்தில், சொல்லுக்குச் சொல் ஒரே வாக்கியம். வரலாற்றுப் பக்கமே அதைக் காட்டுகிறது. ஆகவே அந்தச் செய்தி சான்றே இல்லை, நம் முகத்தைக் காட்டும் கண்ணாடி என்று வாதாடலாம் என்கிறார். ஆனால் வரியை எழுதியவரே பேச்சுப் பக்கத்துக்கு வந்து, "எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை" என்று சொன்னால்தான் மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்களாம். கலைக்களஞ்சியத்துக்கு அது போதும். நாளிதழுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பயனர் பெயரில் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். உண்மைப் பெயர், முகவரி வேண்டும்.

முகவரி என்றால் நீலவானம் அடுக்ககம். மனு கொடுத்த அதே கட்டிடம். என் வீட்டிலிருந்தே மனுவைப் பொய் என்று சொல்வது. நிர்மல், "நீ எழுதினா நம்மள இங்க யாரு மதிப்பா? தண்ணி டேங்கரு சொல்றதுலேருந்து லிஃப்ட் ரிப்பேர் வரைக்கும் அவங்க மூஞ்சியிலதான முழிக்கணும்?" என்று கேட்டார். அவர் சொல்வது தப்பும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கால்வாய் பற்றி நீ எழுதியிருந்தாயே. அதைப் படித்ததிலிருந்து ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் தரையைப் பார்த்தே நடக்கிறேன். உங்கள் தெருவில் ஆக்கிரமிப்பு இல்லை என்று சொல்லி அளக்க விட்டால், சங்கிலி அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியாதா? பயமாக இருக்கிறது தேவி. இந்த வீட்டைத் தவிர எங்களிடம் ஒன்றுமில்லை.

மூன்று இடங்களுக்கும் கடிதம் எழுதித் திரையில் திறந்து வைத்திருக்கிறேன். இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுதி முடிக்கும்வரை பொத்தானை அழுத்த வேண்டாம் என்று நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருக்கிறேன். பால்கனியிலிருந்து உன் அம்மாவின் நாற்காலி தெரிகிறது. அதில் அவர் இருக்கிறார்.

அழுத்திவிட்டேன். மூன்றையும்.

கனி


மேட்டுத் தெரு
24 நவம்பர் 2024

கனிமொழிக்கு,

வரி போய்விட்டது. பேச்சுப் பக்கத்தில் நீங்கள் எழுதியதைப் படித்தேன். "போட்டி அளவை எட்டுவதற்காக, யாரிடமும் கேட்காமல், இந்த வரியை நான் சேர்த்தேன்" என்று பச்சையாக எழுதியிருக்கிறீர்கள். சுற்றி வளைப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்கடியில் ஜெபாவும் மற்றவர்களும் நீண்ட விவாதம் நடத்தி, கடைசியில் நீக்கினார்கள். நாளிதழில் மூலையில் நாலு விரல் அகலத்துக்குத் திருத்தம் வந்திருக்கிறது. பெரியப்பா அதை வெட்டிப் பூஜை அலமாரியில் ஒட்டியிருக்கிறார்.

அளவு முடிவும் வந்தது. எங்கள் தெரு முழுக்கப் பட்டா நிலத்துக்குள்தான். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தவர் அம்மாவிடம் நேரிலேயே சொன்னார். அம்மா அவரிடம், "அப்ப நீயே வந்து தொடச்சிட்டுப் போ நைனா, நீதான போட்ட" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் தேய்த்தேன். சாயம் முழுக்கப் போகவில்லை, ரோஜா நிறத்தில் தெரிகிறது.

நீங்கள் பயந்ததும் நடந்துவிட்டது. உங்களுக்கே தெரிந்திருக்கும். சங்கிலி கால்வாய்ப் பக்கம் திரும்பியது. உங்கள் கட்டிடத்தின் பின்பக்கத் தூண்களில் சிவப்புக் குறி போட்டதை எங்கள் தெருவே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இனித்தது. வீட்டுக்கு வந்தபிறகும் இனித்தது. ராத்திரிதான் ஒருமாதிரி ஆகிவிட்டது.

நேற்று அந்த நாளிதழ்க்காரர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். அடுக்ககம் கால்வாய்மேல் கட்டப்பட்டதாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்களே, நீங்கள் உறுதியாகச் சொல்லுங்கள், உங்கள் பெயரோடு போடுகிறோம் என்றார். நான் ஆம் என்றால் அது அச்சாகும். அச்சானால் சான்றாகும். நாளைக்கே யாராவது கட்டுரையில் ஏற்றுவார்கள். இந்த வித்தையை நீங்கள்தான் எனக்கு வெளிச்சம் போட்டுக் காட்டினீர்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

தேவிப்பிரியா


நீலவானம் அடுக்ககம்
3 டிசம்பர் 2024

தேவி,

புயல் மழையில் மின்சாரம் போய் இன்றைக்குத்தான் வந்தது. கீழே மறுபடியும் தண்ணீர். இந்த முறை யாரும் உங்கள் தெருவைக் கைகாட்டவில்லை. என்னைத்தான் காட்டினார்கள். மாடிப்படியில் சுப்பராயன் சார், "நீங்க எழுதுனதாலதான் அளந்தாங்க" என்றார். அப்புறம் படி முடியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. சங்கத்தின் வாட்சப் குழுவிலிருந்து எங்களை எடுத்துவிட்டார்கள். கிருஷ்ணப்பிரியாவைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட்ட வீட்டில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. நிர்மல் சாப்பிட்டுவிட்டுப் போய் குறி போட்ட தூணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே இருக்கிற தூண் அது.

அளவு இன்னும் முடியவில்லை என்கிறார்கள். தண்ணீர் வடிந்தபிறகு மறுபடி வருவார்களாம். கால்வாய் கட்டிடத்துக்கு அடியிலா, சுவருக்கு வெளியிலா என்பதே இனிமேல்தான் தெரியும். கதவைத் தட்டும் சத்தம் கேட்டாலே அவர்கள்தான் என்று எழுந்து ஓடுகிறேன். உன் அம்மா ஏன் நாற்காலியை விட்டு எழவில்லை என்று இப்போது தெரிகிறது.

உன் தடை இந்நேரம் நீங்கியிருக்கும். அந்தக் கட்டுரையில் கால்வாயைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். நான் எழுதக் கூடாது. தன் சொந்த விஷயத்தில் தான் கை வைக்கக் கூடாது என்பது விதி. நாளிதழ்க்காரர் கேட்டால் உனக்குத் தெரிந்ததைச் சொல். எழுத வேண்டியதை எழுது. உன்னை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த உரிமை எனக்கு இல்லை. எழுதினால் எனக்கு ஒரு வரி மட்டும் முன்னாலேயே தெரிவி. அதிகாலையில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை.

கனி


மேட்டுத் தெரு
15 டிசம்பர் 2024

முன்னாலேயே தெரிவிக்கச் சொன்னீர்கள். தெரிவிக்கிறேன்.

தடை நீங்கியது. நாளிதழ்க்காரர் மறுபடி பேசினார். "எங்க தெருவுல அப்படித்தான் சொல்றாங்க. நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். ஆனா அளந்து முடியலை சார், முடிஞ்சதும் அவங்ககிட்டயே கேட்டுப் போடுங்க" என்றேன். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கா இத்தனை நாள் காத்திருந்தேன் என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

அப்புறம் மணல்தொட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். பெரியப்பா பின்னால் நின்றுகொண்டு, "அடுக்குமாடிக்காரனுங்க கால்வாய முழுங்கிட்டானுங்கன்னு நெத்தியில அடிச்ச மாதிரி போடு" என்றார். போட்டேன். படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா எழுதுற?" என்றாள். வாசித்துக் காட்டினேன். இத்தனை நாள் உங்கள் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். இப்போது, "உனக்கு நல்லாத் தெரியுமா? அளந்தவன் சொன்னானா? சொல்லலல்ல. அந்தப் பொண்ணு கொழந்தைய வச்சிகினு கீற ஊடுடி அது. நான் குந்திகினு இருந்த மாதிரி அதுவும் குந்திகினு கீதோ இன்னாவோ" என்றாள்.

அழித்துவிட்டேன். அளவு முடிந்து, அவர்கள் எழுத்தில் சொன்னால் எழுதுவேன். உங்கள் கட்டிடம் கால்வாய்மேல் இருக்கிறது என்று சொன்னால் அதையும் எழுதுவேன், மறைக்க மாட்டேன். அது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். இல்லையென்று சொன்னால் அதையும் அதே போல எழுதுவேன், பெரியப்பா என்ன கத்தினாலும் சரி. அதுவரை அந்தப் பக்கத்தில் கால்வாய் பற்றி ஒரு எழுத்தும் ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன். கவனிப்புப் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறேன், யார் கை வைத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

நேற்று முன்தினம் கார்த்திகைக்குக் கரையில் விளக்கு வைத்தோம். உங்கள் பால்கனி இருட்டாக இருந்தது. இன்றைக்காவது ஒன்று ஏற்றுங்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள். அம்மா டப்பாவைக் கேட்டாள்.

போட்டி முடிகிற நாள் இன்று. நடுவர்கள் அளவு பார்ப்பார்கள். கட்டுரை ஒரு வரி குறைகிறது அக்கா. குறையட்டும்.

தேவி